பசுமை ஹைட்ரஜன் சங்கிலியை வாலிலிருந்து கட்டுவது எப்படி: ஒரு திருகோணமலைக் கணக்கு

திருகோணமலைச் சீனக்குடாப் பக்கம் போய் வந்த யாருக்கும் அந்த எண்ணெய்க் குதங்களைப் பார்த்ததும் ஒரு கனவு வந்துவிடும். அண்மையில் என்னோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு தம்பிக்கும் வந்தது. "அண்ணை, வெள்ளைக்காரன் கட்டின தாங்கி 99 நிக்குது. பசுமை ஹைட்ரஜனை அதுக்குள்ள நிரப்பி, கப்பலில ஏத்தி விட்டால் நாட்டுக் கடன் முடிஞ்சுது" என்றான். வெயில், காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். நான் கடைக்காரரிடம் பேனையை வாங்கி, வடை சுற்றி வந்த பேப்பரிலேயே கணக்குப் போட்டேன். ஒரு தாங்கி ஏறக்குறைய 12,000 கன மீற்றர். நம்முடைய வெக்கையில், சாதாரண அமுக்கத்தில், ஒரு கன மீற்றர் ஹைட்ரஜன் 80 கிராம் அளவில்தான் நிறுக்கும். ஆக ஒரு முழுத் தாங்கிக்குள் பிடிப்பது ஒரு தொன்னுக்கும் குறைவு. அந்த ஒரு தொன்னில் இருக்கும் சக்தி சுமார் 3,300 லீற்றர் டீசலுக்குச் சமம், அதாவது ரோட்டில் ஓடுகிற 13,200 லீற்றர் பவுசரில் கால்வாசி. அதோடு அந்தத் தாங்கிகள் எண்ணெய்க்குக் கட்டியவை, வாயுவை அடைத்து வைக்க அல்ல. எல்லாம் ஆளில்லாமல் கிடப்பவையும் இல்லை, 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்தியன் ஒயில் கொம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கொம்பனிக்கு.

தம்பி பேப்பரை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, "அப்ப இது சரிவராதா?" என்று கேட்டான். சரிவரும். ஆனால் தாங்கியிலிருந்து தொடங்கினால் வராது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஐஸ் பக்டரியில் பல வருசம் அமோனியா கம்பிரசர் பார்த்துவிட்டு, பிறகு சோலார் பூட்டுகிற வேலைக்கு மாறினவன். பள்ளிக்கூடத்தில் ஐதரசன் என்று படித்ததை இப்போது எல்லோரும் ஹைட்ரஜன் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கணக்கு எல்லாம் ஒரு மெகாவாட் சோலாரை வைத்து, ஏனென்றால் ஒரு மெகாவாட் கணக்குப் புரிந்தால் நூறு மெகாவாட்டைப் பற்றி யாராவது வந்து படம் காட்டும்போது எங்கே இடிக்கிறது என்று பிடித்துவிடலாம்.

முதலில் வாங்குகிற ஆள்

எல்லாரும் வெயிலில் தொடங்கி, பனலுக்குப் போய், தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரத்துக்குப் போய், கடைசியில் "ஏற்றுமதி" என்று ஒரு அம்புக்குறி போட்டு விடுகிறார்கள். அந்த அம்புக்குறியின் நுனியில் ஆளில்லை. உலகம் முழுக்க அறிவித்த ஹைட்ரஜன் திட்டங்களில் மிகச் சிறு பங்குதான் காசு போடும் முடிவுவரை வந்திருக்கிறது, மிச்சத்தில் பலதுக்கு விலை பேசிக் கையெழுத்து வைத்த வாடிக்கையாளர் இல்லாததுதான் வருத்தம். அதனால் சங்கிலியை வாலிலிருந்து பிடியுங்கள். கொப்பி ஒன்றை எடுத்து, இன்று இந்த நாட்டில் ஹைட்ரஜனையோ, அதிலிருந்து செய்யும் அமோனியாவையோ, கூடவே வரும் ஒட்சிசனையோ ஏற்கெனவே காசு கொடுத்து வாங்குகிறவர் யார் என்று எழுதுங்கள்.

ஐஸ் பக்டரிகளில் இருந்து தொடங்கலாம். கட்டி ஐஸ் போடும் பெரிய பக்டரிகளில் குளிரூட்டி அமோனியாதான், ஒழுகினதுக்குப் பதிலாக அடிக்கடி சிலிண்டரில் வாங்கி ஏற்ற வேண்டும். தேவை சிறிது, ஆனால் பக்கத்திலேயே இருக்கிறது, பொருளைக் கையாளத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். அடுத்து இறப்பர் பால்: கேகாலை, களுத்துறைப் பக்கம் இறப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். பிறகு ஒட்சிசன். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 8 கிலோ ஒட்சிசன் சும்மா வரும், பெரும்பாலான திட்டக்காரர்கள் அதை வானத்துக்கு விட்டுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் கொவிட் உச்சத்தில் இருந்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கும். மருத்துவத்துக்கு விற்பதென்றால் தூய்மைச் சான்றிதழ் வேண்டும், அது தனி வேலை, தனிச் செலவு. வெல்டிங் கடைக்கும் றால் பண்ணைக்கும் அவ்வளவு கெடுபிடி இல்லை.

பெரிய வாங்குநர் என்றால் வயல்தான். கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருநுவர என்று நம்மைச் சுற்றி வயல், அவ்வளவுக்கும் யூரியா கப்பலில் வருகிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, அந்த வருசக் கடைசிக்குள் திரும்பத் திறந்த கூத்தில் பெரும்போகம் என்ன பாடு பட்டது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கணக்கைப் பாருங்கள்: ஒரு மெகாவாட் சோலார் வருசத்துக்கு 14 இலட்சம் யூனிட் சொச்சம் தரும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் போகும். ஆக வருசத்துக்கு சுமார் 26 தொன் ஹைட்ரஜன், அதிலிருந்து கிட்டத்தட்ட 147 தொன் அமோனியா, அதிலிருந்து 250 தொன் யூரியா. ஏக்கருக்கு 50 கிலோ மூடை இரண்டு என்று வைத்தால் 2,500 ஏக்கர் வயலுக்கு ஒரு போகத்துக்குக் காணும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதில் இரண்டு முள் இருக்கிறது. அமோனியா செய்யும் தொகுதியும் யூரியா செய்யும் தொகுதியும் தனியாக மின்சாரம் கேட்கும், அதனால் அந்த ஏக்கர் கணக்கில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய முள், ஒரு தொன் யூரியாவுக்கு முக்கால் தொன் அளவில் காபனீரொட்சைட்டு வேண்டும். அதை நிலக்கரிப் புகையிலிருந்து எடுத்தால் "பசுமை" என்று சொல்ல வாய் கூசும், விறகு அல்லது உமி எரிக்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இந்தச் சின்ன அளவில் யூரியா செய்வது கட்டுப்படியாகாது என்பதுதான் என் எண்ணம், அமோனியாவோடு நில்லுங்கள்.

யாருக்கு விற்கக் கூடாது என்பதும் அதே கொப்பியில் இருக்கட்டும். முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், கரையோர வள்ளம், வீட்டு அடுப்பு, இவை வேண்டாம். ஹைட்ரஜனைத் திரும்ப மின்சாரமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை: 55 யூனிட் போட்டு எடுத்த ஒரு கிலோவுக்குள் இருப்பது 33 யூனிட், எரிபொருள் கலத்தில் அதில் பாதி போக, கையில் மிஞ்சுவது 17 யூனிட் அளவு. அதே 55 யூனிட்டை பற்றரியில் போட்டால் 45க்கு மேல் திரும்ப எடுக்கலாம்.

கரண்ட் எங்கேயிருந்து

இங்கேதான் பொய் அதிகம். ஹைட்ரஜனுக்கு நிறம் இல்லை, உள்ளே போகும் மின்சாரத்துக்குத்தான் நிறம். இயற்கை வாயுவில் செய்யும் பழைய ஹைட்ரஜன் கிலோவுக்கு 9, 10 கிலோ காபனீரொட்சைட்டு விடும். நுரைச்சோலை மாதிரி நிலக்கரி நிலையத்துக் கரண்டில் நீங்கள் தண்ணீரைப் பிரித்தால், யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ புகை என்று பார்த்தாலும் கிலோ ஹைட்ரஜனுக்கு 50 கிலோவைத் தாண்டும். மின்சார சபை லைனில் வருவது நீர், கரி, எண்ணெய், வெயில், காற்று எல்லாம் கலந்த கரண்ட், மழை பொய்த்த வருசத்தில் இன்னும் கறுக்கும். ஆகவே சபை லைனில் செருகிவிட்டு, கூரையில் நாலு பனலைக் காட்டி, பசுமை என்று பெயர்ப்பலகை வைப்பவரை நம்பாதீர்கள்.

சம்பூரை உதாரணமாக எடுங்கள். 2006 இல் சனம் இடம்பெயர்ந்து, 2015 இல்தான் ஊருக்குத் திரும்பத் தொடங்கியது. அங்கே வர இருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. பிறகு அது 120 மெகாவாட் சோலார் திட்டமாக மாறி, 2025 ஏப்ரலில் கொழும்பிலிருந்தபடியே வேலையைத் தொடக்கி வைத்தார்கள். இந்தச் செய்தி வந்ததும் "அதை ஹைட்ரஜனுக்குத் திருப்பினால் என்ன?" என்று சிலர் கேட்டார்கள். திருப்பினால் வீடுகளுக்கு வரவேண்டிய வெயில் கரண்ட் போய், அந்தப் பள்ளத்தை நிரப்ப நுரைச்சோலையில் இன்னும் கொஞ்சம் கரி எரியும். ஒரு வீட்டு விளக்கை அணைத்து அடுத்த வீட்டில் ஏற்றிவிட்டு வெளிச்சம் கூடிவிட்டது என்று சொல்லும் கணக்கு இது. ஹைட்ரஜனுக்கு என்று புதிதாகக் கட்டிய மின்சாரம்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 விதியும் இதையேதான் கேட்கிறது, புதிய மின்நிலையம், அதே வலயம், அதே நேரம். நேரம் என்பது 2029 முடியும்வரை மாதக் கணக்கு, 2030 இலிருந்து மணிக்கணக்கு. கிலோ ஹைட்ரஜனுக்கு அவர்கள் விடும் எல்லை 3.38 கிலோ காபனீரொட்சைட்டு. இந்தியா 2023 ஆகஸ்டில் போட்ட எல்லை 2 கிலோ. அக்கரையில் தூத்துக்குடியை ஹைட்ரஜன் மையத் துறைமுகமாகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள், அவர்களோடு போட்டி போடுவதோ சேர்ந்து கப்பல் நிரப்புவதோ, எதுவானாலும் இந்த எண்களுக்குள் நிற்க வேண்டும்.

மத்தியான மிச்சக் கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. 2025 சித்திரை வருசப்பிறப்பு நாட்களில் பக்டரி எல்லாம் பூட்டிக் கிடக்க, வெயில் மட்டும் கொளுத்த, கூரைச் சோலார் வைத்தவர்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. நான் பூட்டிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் எனக்குத்தான் ஏசினார்கள். அந்த வீணாகும் கரண்டை வாங்குவது நியாயமான யோசனை, ஆனால் வருசத்தில் அது சில நாள், நாளில் சில மணி. அதை நம்பி இயந்திரம் வாங்கினால் இயந்திரம் தூங்கும், வங்கி வட்டி தூங்காது. சோலாரை மட்டும் நம்பினாலும் இதே பிரச்சினைதான், வருசம் முழுக்கச் சராசரி பார்த்தால் ஒரு நாளில் நாலு மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினமாதிரி. ஆகவே இயந்திரத்தைச் சின்னதாகவும் பனலைப் பெரிதாகவும் போடுங்கள், ஒரு மெகாவாட் இயந்திரத்துக்கு இரண்டு மெகாவாட் சோலார் என்று. முடிந்தால் காற்றாலை ஒன்றையும் கோர்த்துவிடுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இரவிலும் காற்று இருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் சோலார் படுத்துவிடும், இயந்திரத்தைக் கழற்றிப் பராமரிக்கும் வேலையை அந்த மாதங்களுக்கு வையுங்கள்.

தண்ணீரும் காணியும்

தண்ணீருக்குத்தான் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள், அது அவ்வளவு பயப்பட வேண்டிய இடமில்லை. கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லீற்றர் தண்ணீர் பிரியும், சுத்திகரிப்பில் கழிவது, குளிரூட்டல் எல்லாம் சேர்த்து 20 முதல் 30 லீற்றர். ஒரு மெகாவாட்டுக்கு நாளைக்கு 2,000 லீற்றர் சொச்சம், மொட்டை மாடியில் நிற்கும் கறுப்புத் தாங்கி இரண்டு. ஒரு ஏக்கர் வயல் ஒரு போகத்துக்குக் குடிப்பது, இந்த இயந்திரம் வருசம் முழுக்கக் குடிப்பதைவிடப் பல மடங்கு. இருந்தாலும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் கை வைக்காதீர்கள். ஒரு சிறுபோகம் காய்ந்தால் போதும், "அவங்கட பக்டரிக்குப் போகுது" என்று பேச்சு வரும், பிறகு எந்தக் கணக்கும் எடுபடாது. கடல் பக்கத்தில் இருக்கிறது. உப்பு நீக்க ஒரு கன மீற்றருக்கு 3, 4 யூனிட்தான் போகும், கிலோ ஹைட்ரஜனுக்குப் பார்த்தால் 55 யூனிட்டோடு 0.1 யூனிட் கூடும். இவ்வளவுதான்.

உப்பு நீக்கினால் மிஞ்சும் கடும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. கடல் நீரில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்தால், மிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் உப்போடு திரும்பப் போகும். அதைத் தம்பலகாமக் குடாவுக்குள்ளோ உப்பாற்றுக்குள்ளோ விட்டால் அங்கே சிப்பி பொறுக்குகிறவர்கள், றால் பிடிக்கிறவர்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள். நீரோட்டம் உள்ள ஆழமான பக்கம் குழாயைக் கொண்டுபோங்கள், பவளப்பாறை இருக்கும் புறாமலைப் பக்கம் அல்ல. ஒரு மெகாவாட்டுக்கு இது சின்ன விசயம். ஆனால் முதல் குழாய் எங்கே போகிறதோ அதன் பக்கத்தில்தான் நூறாவது மெகாவாட்டின் குழாயும் போகும்.

காணிக்கு வருவோம். ஒரு மெகாவாட் சோலாருக்கு 4 ஏக்கர் அளவு வேண்டும். முத்துநகரில் 2025 இல் விவசாயிகள் வீதிக்கு இறங்கியது, தாங்கள் விதைத்து வந்த வயல்கள் சோலார் திட்டத்துக்குப் போகிறது என்றுதான். உறுதி யார் பெயரில், வரைபடத்தில் அது யாருடைய காணி என்பது ஒரு பக்கம், அங்கே நெல் விளைந்தது என்பது இன்னொரு பக்கம். சட்டப்படி உங்களுக்குக் காணி கிடைத்துவிட்டாலும், வயலை மூடிச் செய்த அமோனியாவை வயலுக்கே விற்கப் போகும்போது என்ன முகத்தோடு போவீர்கள்? நான் என்றால் முதலில் கூரைகளைத்தான் கேட்பேன். நெல் ஆலை, களஞ்சியம், துறைமுகக் கொட்டகை, பாடசாலை. அது முடிந்த பிறகு தரிசு. தரிசு என்று கச்சேரியில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே போய் மாசியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை பாருங்கள். மாடு மேய்கிறதா, யானை நடக்கிறதா, விறகுக்கு யார் வருகிறார்கள் என்று கிராம சேவகரிடம் மட்டும் கேட்காமல் அங்கே மாடு கட்டுகிறவரிடமும் கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் கையில் கிடைக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 300 பக்கம் எழுதிப் பிரதேச செயலக அலுமாரியில் வைத்துவிட்டு "ஆட்சேபனை வரவில்லை" என்று எழுதுவது நமக்குப் பழகிப்போன பழைய வித்தை.

இயந்திரம் எந்த வழியாக வந்தது

தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரத்தில் சந்தையில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று காரக் கரைசல் ரகம், நிக்கல் மின்வாய், பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், நூறு வருசத்துக்கு மேல் பழகிய தொழில்நுட்பம். மற்றது சவ்வு ரகம், மேகம் வந்து வெயில் ஏறி இறங்கினால் உடனே ஈடுகொடுக்கும், ஆனால் அதற்கு இரிடியம் வேண்டும். இரிடியம் உலகத்தில் வருசத்துக்கு 7, 8 தொன் அளவில்தான் கிடைக்கிறது, அதில் பெரும்பங்கு தென்னாபிரிக்காவிலிருந்து. திருகோணமலைக்கு நான் முதல் ரகத்தைத்தான் சொல்வேன். குறைந்த சுமையில் ஓடும்போது ஹைட்ரஜன் ஒட்சிசன் பக்கம் கசியும், அதனால் காலையிலும் மேகத்திலும் தாங்கிப் பிடிக்க ஒரு சின்னப் பற்றரி சேர்க்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு ஈடாக, இங்கேயே ஆட்களைப் பழக்கித் திருத்தக்கூடிய இயந்திரம் கிடைக்கிறது.

நிக்கலும் சுத்தமான பிள்ளை இல்லை. உலக நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து, அங்கே காடு வெட்டி, உருக்காலைக்குக் கரி எரித்து எடுப்பது நிறைய. பனலின் சிலிக்கனுக்கும் ஒரு கதை உண்டு, சிஞ்சியாங்கில் கட்டாய வேலை என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கா 2022 இலிருந்து அந்தப் பக்கத்துப் பொருளைத் துறைமுகத்தில் தடுக்கிறது. விலைக்கேள்வி அனுப்பும்போதே, "எந்தச் சுரங்கம், எந்த உருக்காலை, என்ன மின்சாரம்" என்று மூன்று கேள்வி சேர்த்து அனுப்புங்கள். பலர் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்கிறவரை வைத்துக்கொள்ளுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு கடுப்பு வரும். காரக் கரைசல் ரக இயந்திரத்தின் பிரிப்புத் தட்டில் சிர்க்கோனியம் ஒட்சைட்டு சேர்க்கிறார்கள், சவ்வு ரகத்தில் தைட்டானியம் தட்டு. இரண்டுக்கும் மூலமான மணல் புல்மோட்டையில் கிடக்கிறது. இல்மனைற்று, உருத்தைல், சிர்க்கன் எல்லாம் மணலாகவே கப்பலேறுகிறது. மணலைத் தட்டாக்க வேண்டிய சூளையும் மின்சாரமும் நம்மிடம் இப்போது இல்லை, அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனாலும் இந்த மாவட்டத்தில் யாராவது ஹைட்ரஜன் சங்கிலி என்று பேசினால் புல்மோட்டையின் பெயரையும் சேர்த்துப் பேசட்டும்.

உதிரிப்பாகம். 2022 இல் டொலர் இல்லாமல், இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதமான எல்.சி. திறக்க முடியாத காலத்தில் ஒரு இன்வேர்ட்டர் பலகைக்கு மாதக்கணக்காகக் காத்திருந்தோம், பனலெல்லாம் வெயிலில் சும்மா கிடந்தது. கஸ்கெற், வால்வு, அமுக்கமானி, கட்டுப்பாட்டுப் பலகை, இவற்றில் இரண்டு வருசத்துக்குத் தேவையானதை இயந்திரத்தோடு சேர்த்தே இறக்குங்கள். கடற்காற்றையும் விலைக்கேள்வியில் எழுதுங்கள். உப்புவெளியில் ஒரு விடுதிக் கூரையில் நான் முறுக்கின ஆணிகளை மூன்றாம் வருசம் போய்த் தொட்டால், தலை கையோடு உதிர்ந்து வந்தது, கீழே கம்பி மட்டும் புளியம்பழ நிறத்தில் நின்றது. மலிவான துருப்பிடிக்காத உருக்கு என்று தருவதும் இங்கே புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

வைத்திருப்பதும் ஏற்றுவதும்

50 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் அடைத்தால் முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் ஹைட்ரஜன் பிடிக்கும். நம்முடைய ஒரு மெகாவாட் நாளைக்கு 70 கிலோ தரும், அதாவது தினமும் நூறு சிலிண்டர். லொறியில் நீளக் குழாய்களை அடுக்கி ஏற்றினால் 400 கிலோ என்று வையுங்கள், அது பெரிய டீசல் பவுசர் ஒன்று கொண்டுபோகும் 33,000 லீற்றருக்கு ஈடாக 25 லொறி ஓட வேண்டிய அளவு. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று கொழும்புக்குப் போக வர 500 கிலோமீற்றருக்கு மேல், அந்த லொறி குடிப்பதும் டீசல்தான். குளிர வைத்துத் திரவமாக்குவதென்றால் மைனஸ் 253 பாகை, கிலோவுக்கு இன்னும் 10 யூனிட்டுக்கு மேல். வேண்டாம். ஹைட்ரஜன் பிறந்த வளவுக்குள்ளேயே செலவாக வேண்டும், வெளியே போவது அமோனியாவாகப் போக வேண்டும். அமோனியா மைனஸ் 33 பாகையில் திரவமாகும், அல்லது 10 பார் அளவு அமுக்கத்தில் நம்முடைய வெக்கையிலேயே திரவமாக நிற்கும். சாதாரண எண்ணெய்த் தாங்கிக்குள் ஊற்ற முடியாது, அதற்கென்று செய்த தாங்கி வேண்டும். சீனக்குடாவின் பெறுமதி தாங்கியில் இல்லை, ஆழமான துறையில், பக்கத்தில் வந்து நிற்கும் ரயில் பாதையில்.

கசிவையும் பாருங்கள். ஹைட்ரஜன் வெளியே போனால் வளிமண்டலத்தில் மீதேன் நீங்குவதைத் தாமதப்படுத்தும், நூறு வருசக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 11 மடங்குக்குமேல் சூடாக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு ஐந்து ஒழுகினால் பசுமைக் கணக்கில் அரைக் கிலோ ஏறிவிடும்.

கணக்குக் கொப்பி தனியாக ஒன்று வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை யூனிட், எந்த மீற்றரிலிருந்து, எத்தனை கிலோ, எத்தனை லீற்றர் தண்ணீர், எப்போது நிறுத்தினோம், ஏன். மீற்றர் தானாகப் பதியட்டும், அதோடு ஒரு ஆளும் கையால் எழுதட்டும். ஐஸ் பக்டரியில் என் முதலாவது வேலையே மணிக்கு ஒருமுறை அமுக்கத்தை எழுதுவதுதான். இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் ஒரே எண் இருந்தால் முதலாளிக்குத் தெரியும், பெடியன் நித்திரை என்று.

கச்சானும் வாடையும்

ஒரு இரவு அந்த எண் ஒரே மாதிரி இருக்கவில்லை. கம்பிரசர் வால்வு ஒன்றின் அடைப்பு போய், திரவ அமோனியா பீறிட்டது. வாயு காற்றைவிட இலேசு, மேலே போய்விடும் என்று படித்திருந்தேன். அன்று பார்த்தது வேறு. குளிர்ந்த வெள்ளைப் புகார் நிலத்தோடு நிலமாக, முழங்கால் உயரத்தில், கதவுப் பக்கம் ஊர்ந்து வந்தது. கண் திறக்க முடியவில்லை. மூத்த மெக்கானிக் ஒருவர் துவாயை ஐஸ் தண்ணீரில் தோய்த்து என் முகத்தில் அடித்து, பிடரியில் பிடித்துக் காற்று வரும் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலையே தெரியாது, அதற்கு உணர்கருவி வேண்டும். அமோனியாவுக்கு மூக்கே போதும், ஆனால் மணந்த பிறகு ஓட எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் காசு கையில் வந்ததும் முதலில் வாங்க வேண்டியது, 2,000 ரூபாய்க்குள் முடியும் ஒரு காற்றுத் துணி. நல்ல நிறத்தில், ஊருக்குத் தெரிகிற உயரத்தில் கட்டுங்கள். கரையில் பக்டரி இருந்தால், வைகாசியிலிருந்து புரட்டாதிவரை கச்சான் அடிக்கும் காலத்தில் கசிவு துறைமுகப் பக்கம் போகும், கப்பலுக்கும் வள்ளத்துக்கும்தான் சொல்ல வேண்டும். கார்த்திகைக்குப் பிறகு வாடை திரும்பினால் அதே கசிவு ஊருக்குள் வரும். ஆகவே ஓடும் வழியும் இரண்டு, கூடும் இடமும் இரண்டு, இரண்டு வரைபடமும் தமிழிலும் சிங்களத்திலும் பாடசாலைச் சுவரிலும், பள்ளிவாசல், கோயில், பன்சல வாசலிலும். பவுசர் நிரப்புவதை வாடைக் காலத்தில் இரவில் வைக்காதீர்கள். வருசத்துக்கு இரண்டு தடவை, காற்று மாறுகிற மாதத்தில், சைரன் அடித்து ஒத்திகை பாருங்கள்.

தம்பியிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவன் மடித்து வைத்த பேப்பரைத் திரும்ப எடுத்து, பின்பக்கம் திருப்பி, "ஐஸ் பக்டரி எத்தனை இருக்கு எண்டு முதல் எண்ணட்டா?" என்றான். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொடங்கச் சொன்னேன்.